ஒரே வீட்டுக்குள் போகாத பைல்

உடையார்கட்டு, திங்கள் இரவு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு இணையம் வருவது சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வழியாகத்தான். வீட்டில் இரண்டு கணினி இருந்தாலும், ஒன்றில் உள்ள பைலை மற்றதில் எடுக்க வாட்ஸ்அப்பையோ கூகுள் டிரைவையோ தேடுகிறோம். ஒரு ஜிபி படங்கள் அப்படிப் போனால் ஏற ஒரு ஜிபி, இறங்க ஒரு ஜிபி. பக்கத்து அறைக்குப் போவதற்கு இரண்டு ஜிபி டேட்டா. ரவுட்டருக்குள்ளேயே நடக்கும் பகிர்வுக்கு டேட்டா வேண்டியதில்லை. பக்கேஜ் முடிந்த பிறகும் அது நடக்கும். டேட்டாவை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்தின் எல்லையில் இருந்த ஊர் இது. போரின் அந்த இறுதி மாதங்களில் வன்னிச் சனத்திடமிருந்து குடும்பப் படங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் காணிப் பத்திரங்களும் கைவிட்டுப் போயின. பிறகு உறவினரிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து வைத்த பிரதிகள் ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கக் கூடாது. இரண்டாவது கணினிக்கும் அவை தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதாலேயே இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு யோசிக்கிறேன்.

செவ்வாய்

பகிர்வு நடக்காவிட்டால் “வைஃபை வீக்” என்று சொல்லிவிடுவது வழக்கம். இரண்டு கணினியிலும் இணையம் ஒழுங்காக ஓடுகிறதென்றால் அந்தக் காரணம் நிற்காது. பெரும்பாலும் எங்கோ ஓர் அனுமதி மூடிக்கிடக்கிறது, அதுவும் பாதுகாப்புக்காகத் தெரிந்தே மூடப்பட்டது. எது என்று கண்டுபிடிக்கக் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் இரண்டிலும் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகொன்பிக்’ கொடுத்து முகவரியைப் பார்ப்பது. ஒன்று 192.168.8 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால், பின் அறைக்குச் சிக்னல் எட்டவென்று வைத்த இரண்டாவது ரவுட்டர் தனி வலையமைப்பொன்றை உண்டாக்கியிருக்கலாம். முகவரிகள் ஒத்திருந்தும் எட்டவில்லையென்றால், ஒரு கணினி விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் இருப்பவை ஒன்றையொன்று எட்டாதபடி ரவுட்டரே தடுக்கும். அடுத்தது விண்டோஸ். புதிய வைஃபையை அது பெரும்பாலும் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு, பகிர்வையும் மற்றக் கணினிகளைத் தேடுவதையும் நிறுத்திவைக்கும். வீட்டு வைஃபையை ‘பிரைவேட்’ ஆக மாற்றி அவை இரண்டையும் இயக்கினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். ‘பிங்’ பதில் தராததை வைத்துத் தொடர்பே இல்லையென்று முடிவுகட்ட முடியாது, பயர்வோல் அதையும் மறிக்கும். நான் நம்பும் சோதனை வேறு: பைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு மற்றக் கணினியின் முகவரியை நேரே தட்டுவது. திறந்தால் பகிர்வு நன்றாகத்தான் இருக்கிறது, பெயர் பட்டியலில் வருவதில்தான் பிழை. பாஸ்வேர்ட் கேட்டால் அதுவும் நல்ல சகுனம்தான். அங்கே நான்கு இலக்கப் பின் நம்பர் செல்லாது, அது அந்தந்தக் கணினிக்கு மட்டும் உரியது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் வலையமைப்பு வழியே விண்டோஸ் உள்ளே விடாது.

புதன்

பயர்வோலை நிறுத்தினால் உடனே வேலை செய்கிறதே, பிறகெதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். நிறுத்தியதும் வேலை செய்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். திரும்பப் போட்டுவிட்டு, பிரைவேட் வலையமைப்பில் பைல் பகிர்வுக்கு மட்டும் வழிவிட வேண்டும். பயர்வோலை நிறுத்திய அதே மடிக்கணினிதான் நாளைக்கு ரியூசன் வகுப்பின் வைஃபையிலும் நிற்கப்போகிறது. இன்னொரு யோசனை, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு பேசவைக்க எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு நெறிமுறையை இயக்குவது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியது அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் பல அதனால் நோயாளரைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. எங்கள் வீட்டில் யார் வந்து திருடப்போகிறார்கள் என்பது பதிலாகாது. ஒரு கணினிக்குள் நுழைந்த புழு, அதே வலையமைப்பில் இருக்கும் மற்றதை யாரும் தொடாமலே பிடித்துவிடும். எக்ஸ்பியில் கிடக்கும் பைல்களை ஒருதரம் பென் டிரைவில் எடுத்து, வைரஸ் பார்த்து, புதியதில் போட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் எப்போதுமே பென் டிரைவ் போதாதா என்றால், ஒருதரம் மாற்றுவதற்குப் போதும். ஒவ்வொரு கிழமையும் பிரதி எடுக்க வேண்டிய படங்களுக்கும் பத்திரங்களுக்கும் போதாது. எது புதிய பிரதி, எது பழையது என்று குழம்பும்; டிரைவ் தொலையும். பகிர்ந்த போல்டர் ஒன்றிருந்தால் பிரதியெடுப்பைக் கணினியே நேரம் பார்த்துச் செய்யும். ஆனால் கரண்ட் போய்வந்து ரவுட்டர் மறுபடி எழும்பும்போது கணினியின் முகவரி மாறி, நேற்று திறந்த போல்டர் இன்று திறக்காமல் போவதுண்டு. ஆகவே ரவுட்டரின் அமைப்புக்குள் போய் போல்டர் இருக்கும் கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும், அல்லது முகவரிக்குப் பதில் கணினியின் பெயரைக் கொடுத்து இணைக்க வேண்டும்.