திறந்து வைத்த ஒரு வாயில்

நம் வீட்டு மாடிப்படியின் அடியில் பழைய கணினி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. டெபியன் லினக்ஸ் நிறுவிய அதுவே நமக்கு வழங்கி. 2004-இல் ஆய்வுக்காக ஒலிநாடாவில் பதிந்த ஒப்பாரிகளை அதில் சேர்த்து வைத்திருந்தோம். பாடிய பெண்கள் விதித்த நிபந்தனை ஒன்றே: ஊரில் யார் காதிலும் விழக்கூடாது. சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி சொல்வது ஆகாது என்பது ஒரு காரணம். சோறிடாத மகனையும் அடித்த கணவனையும் பெயர் சொல்லியே பாடியிருந்தார்கள் என்பது மற்றொன்று. 'வெளியே போகாது ஆத்தா' என்று வாக்களித்திருந்தோம்.

கல்லூரியிலிருந்தே அவற்றைக் கேட்டு எழுத்தில் பெயர்க்கலாமே என்று, 2023-இன் இறுதியில் எஸ்எஸ்எச் வழியை வெளியுலகுக்குத் திறந்தோம். சில நாள் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தால், 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றி மாற்றி இரவெல்லாம் எவரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். மனிதரல்லர், இணைய முகவரிகளை வரிசையாகத் துழாவும் நிரல்கள். நம்மைத் தேடி வந்தவை அல்ல என்பது ஆறுதலாகவில்லை.

தீச்சுவர் எழுப்பினோம். யுஎஃப்டபிள்யூ என்ற எளிய கருவி. உள்ளே வருவன அனைத்தையும் மறு என்பது முதல் விதி. எஸ்எஸ்எச்சை மட்டும் விடு என்பது அடுத்தது. இரண்டாவதை எழுதாமலே, அதுவும் கல்லூரியில் அமர்ந்தபடி, இயக்கிவிட்டோம். இருந்த இணைப்பு அறாததால் தவறு உறைக்கவில்லை. மூடிவிட்டு மறுபடி நுழைய முயன்றபோது நம் வீட்டில் நமக்கே இடமில்லை! மாலைப் பேருந்தில் திரும்பி, திரையும் விசைப்பலகையும் பொருத்தி விதியைச் சேர்த்தோம். மதிலை முற்றுவோரையும் காப்போரையும் தொல்காப்பியம் உழிஞை என்னும் ஒரே திணையில் வைத்ததன் பொருள் அன்று சற்று விளங்கியது. கடவுச்சொல் நுழைவையும் நிறுத்தித் திறவுகோல் கோப்புக்கு மாறினோம். அதன்பின் அந்தக் கணினியை மறந்தே போனோம்.

2024 ஜூலை 1 அன்று, ஓப்பன்எஸ்எஸ்எச்சில் உள்ள பிழை ஒன்றைக் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. கடவுச்சொல்லும் திறவுகோலும் இன்றியே கணினியின் முழு அதிகாரத்தையும் பெற வழிவிடும் பிழை. 32 பிட் கணினியில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகளில் கைகூடும் என்று செய்தும் காட்டியிருந்தனர். நம்முடையது 32 பிட். இதில் தீச்சுவர் என்ன செய்யும்? அந்த வாயிலை விடு என்று எழுதியதே நாம்தானே. டெபியன் அன்றே திருத்தம் தந்துவிட்டது. நமக்குச் செய்தி எட்டியதோ பதினொரு நாள் கழித்து. இரண்டே கட்டளைகள், ஐந்து நிமிடமும் ஆகவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே இட்டுக்கொள்ளும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பொதியை அன்றுதான் நிறுவினோம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியே இல்லை. பழையதற்கு ஓய்வளித்தோம். புதியதில் எஸ்எஸ்எச் வெளியே தெரிவதில்லை. வயர்கார்டு வழியாக மட்டுமே நுழைகிறோம்.

அந்தப் பதினொரு நாளில் எவரேனும் நுழைந்தார்களா? நுழைய முயன்றிருந்தால் பதிவேட்டில் நேரம் கடந்த இணைப்புகள் குவிந்திருக்க வேண்டும். தேடினோம், குவியல் இல்லை. ஆனால் முழு அதிகாரம் பெற்றவனுக்குப் பதிவேட்டை அழிக்கவும் தெரியும்.

பாடியவர்களில் ஒருவர் இன்னும் இருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது, 'அந்த நாடா பத்திரமா இருக்கா தம்பி?' என்று கேட்டார். 'இருக்கு ஆத்தா' என்றோம். வேறொன்றும் சொல்லவில்லை.