மலைப்பாதைக்கு ஒரு வேகன்

பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, ஒரு கரிப் விலைக்கு வந்திருக்கு. நாலு வீலும் இழுக்குமாம். ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார். செய்தி தேடிப் பதுளை வீதிகளில் குலுங்கிய காலத்தை நினைத்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

டொயோட்டா ஸ்பிரிண்டர் கரிப், முப்பது வயது கடந்த ஜப்பானிய வேகன். 1600 சிசி இயந்திரம், உயர்ந்த கூரை, அகன்ற கண்ணாடிகள். பின்னாசனத்தை மடித்தால் ஒரு நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். பிரசவ வலி கண்ட பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதைகளை எழுதியவன் என்பதால், அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

மழை ஓய்ந்த பிற்பகலில் லயத்துக்குச் செல்லும் செம்மண் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். சேற்றிலும் சறுக்காமல் ஏறியது. மருமகனின் முகம் மலர்ந்தது. இறங்கும்போதுதான் எனக்கு அச்சம் பிடித்தது. பிரேக்கை அழுத்தியதும் வண்டி ஒருபக்கம் இழுத்தது. டயர்கள் தேய்ந்திருந்தன. பின்னாசனப் பட்டிகளைக் காணவில்லை; காற்றுப்பைகளும் இல்லை.

நான்கு சக்கரங்களும் இழுப்பது ஏறுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எந்த வாகனத்திலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஈரப் பாதையில் அதற்குப் பலம் தருவது டயரின் பிடிப்பே. இறக்கத்தில் தாழ்ந்த கியரும் நிதானமும் வேண்டும். ஏற்றம் தந்த துணிவோடு இறங்குபவனே மாட்டிக்கொள்கிறான். 2021 மார்ச் 20ஆம் திகதி இதே பசறை - லுணுகலை வீதியில், 13ஆம் கட்டையருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். இங்குள்ள வளைவுகள் இரண்டாவது வாய்ப்புத் தருவதில்லை.

விலையோ, வாகனத்தின் வயதோடு தொடர்பற்றது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைக்காலத்தில் பழையவை பொன்னாயின. வரியைச் சுமந்து வரும் புதியவை ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதவை. ஆகவே "வாங்க வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. டயர், பிரேக், ஆசனப்பட்டி ஆகியவற்றின் செலவைக் கணக்கிட்டு, அதை விலையில் கழிக்கச் சொன்னேன். விற்றவர் முனகிக்கொண்டு பாதியைக் குறைத்தார்.

நேற்று மருமகன் மீண்டும் அழைத்தார். "எல்லாம் மாத்தியாச்சு மாமா. ஆனா உங்க பேத்தி பட்டி போட மாட்டேங்கிறா."

தொலைபேசியை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.