மச்சினனும் ஒரு மேஜிக்காரரும்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு 270 மைல். காரில் நாலு மணி நேரம் என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஆறு. நாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கிளம்பினோம்.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. தூது போனேன். உறவுக்காரக் கல்யாணம் ஒன்றுக்காக அமெரிக்கா போகப் போகிறேன் என்று தெரிந்ததுமே என் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"என் தம்பி வேலையை விடப் போறானாம். முழு நேரமும் சீட்டாடிப் பிழைக்கப் போறானாம். நீங்க பி.காம். படிச்சவர்தானே? கணக்குப் போட்டுப் புரிய வைங்க. இல்லேன்னா இந்தியாவுக்குத் திரும்பி வராதீங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று நம்ப விரும்புகிறேன்.

மச்சினனுக்கு வயசு இருபத்தொன்பது. நல்ல சாஃப்ட்வேர் வேலை. கார் மொஹாவி பாலைவனத்துக்குள் நுழைந்ததும் மெள்ளப் பேச்செடுத்தேன். அவன் எனக்காகவே காத்திருந்தவன் மாதிரி ஒரு பெயரை எடுத்து வீசினான்.

"அன்டோனியோ எஸ்ஃபாண்டியாரி. கேள்விப்பட்டிருக்கீங்களா மாமா?"

"எந்த ஹோட்டல்ல கிடைக்கும்?" என்றேன். முறைத்தான்.

பிறகு அவன் சொன்னது இது. 1978-ல் டெஹ்ரானில் பிறந்த பையன். அப்போது பெயர் அமீர். ஒன்பது வயசில் குடும்பம் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேவுக்குக் குடிவந்தது. மேஜிக் பித்துப் பிடித்து, மேஜிக்காரராகவே தொழில் நடத்தி, மேடைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அன்டோனியோ எனப் பெயரையும் மாற்றிக்கொண்டார். அப்புறம் போக்கர் வந்தது. 2004-ல் ஒரே போட்டியில் ஏறக்குறைய 14 லட்சம் டாலர். போட்டி நடந்த இடம், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் உள்ள காமர்ஸ் காஸினோ. ஊர் பெயரே காமர்ஸ்தான்!

"பார்த்தீங்களா, உங்க சப்ஜெக்ட்!" என்றான் மச்சினன்.

நானும் மூன்று வருஷம் காமர்ஸில் இருந்தேன். எனக்குக் கிடைத்தது இரண்டு அரியர்ஸ்.

வழியில் பேக்கர் என்று ஒரு குட்டி ஊர். அங்கே பனைமரத்தைவிட உயரமாக ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. 134 அடி. பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் ஞாபகார்த்தம். அந்த வெயிலைத் தாண்டி இத்தனை ஜனம் போகிறதே எதற்கு என்று யோசிக்கும்போதே, இருட்டில் தூரத்தில் ஓர் ஒளிக்குளம் தெரிந்தது.

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிஷ் மொழியில் புல்வெளிகள் என்று அர்த்தம். புல்லைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஸ்லாட் மெஷினில் மக்கள் போடும் பணத்தில் குறைந்தது 75 சதவீதம், நீண்டகாலச் சராசரியில், மக்களுக்கே திரும்ப வரவேண்டும் என்று விதிகூட வைத்திருக்கிறார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது என்று நானும் 20 டாலர் போட்டேன். ஏழே நிமிஷம். என்னுடைய சராசரி வேறு யாருக்கோ போய்விட்டது.

முதல் ராத்திரி மச்சினன் என்னைப் பழைய டவுனில் ஃப்ரீமான்ட் தெருவுக்கு அழைத்துப் போனான். தெருவுக்கே கூரை போட்டு, கூரையெல்லாம் மின்விளக்குப் படம் ஓட்டுகிறார்கள். கீழே தரையில் வட்டங்கள். தெருக்கலைஞர்கள் அந்த வட்டத்துக்குள் நின்றுதான் வித்தை காட்ட வேண்டுமாம். ஒரு வட்டத்தில் பாட்டு, ஒன்றில் டிரம், இன்னொன்றில் தொப்பி வைத்த மேஜிக்கார இளைஞன்.

அவன் மச்சினனைக் கூப்பிட்டு ஒரு சீட்டை எடுக்கச் சொன்னான். கட்டுக்குள் செருகச் சொன்னான். கலைத்தான். கட்டில் அந்தச் சீட்டைக் காணோம். பிறகு மச்சினனின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அங்கே இருந்தது!

மச்சினன் குழந்தை மாதிரி கைதட்டினான். "எப்படி மாமா? எப்படி?" என்று என் தோளை உலுக்கினான். தொப்பியில் அஞ்சு டாலர் போட்டுவிட்டு, ரெண்டு தெரு தள்ளியும் சிரித்துக்கொண்டே வந்தான். இந்த அஞ்சு டாலரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அதே தெருவில்தான் பினியன்ஸ். 1970-ல் உலக போக்கர் தொடர் ஆரம்பித்தது இங்கேதான். 2005-ல் தொடர் ரியோ ஹோட்டலுக்கு இடம் மாறி, 2021 வரை அங்கே நடந்தது. 2022-லிருந்து ஸ்ட்ரிப் சாலையில் உள்ள ஹோட்டல்களில் நடக்கிறது. "ரியோவையும் பார்த்துடணும் மாமா" என்றான் மச்சினன், ஆறுபடை வீடு போகிறவன் மாதிரி.

மறுநாள் ரியோ. நெடுஞ்சாலைக்கு மேற்கே சற்று ஒதுங்கி நிற்கிற பெரிய ஹோட்டல். வாசலில் பென் அண்ட் டெல்லர் மேஜிக் ஷோ விளம்பரம். 2001-ல் இந்த ஹோட்டலுக்கு வந்த ஜோடி. மேடையில் ஒருத்தர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருத்தர் வாயே திறக்க மாட்டார். எங்கள் வீட்டு நிலவரம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

"இதே கட்டடத்துலதான் மாமா, 2012 ஜூலைல..." என்று மச்சினன் குரலைத் தாழ்த்தினான்.

ஒன் டிராப் போட்டி. உட்காருவதற்கு மட்டும் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர். உட்கார்ந்தவர்கள் 48 பேர். போட்டிக்குக் காரணகர்த்தா கீ லாலிபெர்தே. இவரும் கலைஞர்தான். கனடாவில் தெருவில் அக்கார்டியன் வாசித்து, கட்டைக்கால் கட்டி ஆடி, வாயில் நெருப்பு ஊதிப் பிழைத்தவர். 1984-ல் சிர்க் து சோலே என்ற சர்க்கஸைத் தொடங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். 2009-ல் காசு கொடுத்து விண்வெளிக்கே போய்விட்டு வந்தார். ஏழை ஊர்களுக்குத் தண்ணீர் தருவதற்காக அவர் தொடங்கிய தர்ம ஸ்தாபனம்தான் ஒன் டிராப்.

நம்ம எஸ்ஃபாண்டியாரி கடைசி வரை நின்று, முதல் பரிசாக வாங்கியது 1 கோடியே 83 லட்சத்து 46 ஆயிரத்து 673 டாலர். அன்றைய ரேட்டில் சுமார் நூறு கோடி ரூபாய். அதுவரை போக்கர் போட்டியில் யாரும் ஒரே பரிசாக அவ்வளவு வாங்கியதில்லை. சர்க்கஸ்காரருக்கு ஐந்தாவது இடம்.

"இப்ப சொல்லுங்க மாமா. மேஜிக் பண்ணிட்டிருந்தவர் ஜெயிக்கலாம், கோடு எழுதறவன் ஜெயிக்கக் கூடாதா?"

ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பி.காம். விழித்துக்கொண்டது.

"48 பேர் போட்டது 4 கோடியே 80 லட்சம். அதுல ஆளுக்கு 1,11,111 டாலர் தண்ணி தர்மத்துக்கு. மிச்சம் 4 கோடியே 26 லட்சத்துச் சொச்சம். அதை எத்தனை பேர் பங்கு போட்டாங்க?"

"ஒன்பது பேர்."

"அப்ப மிச்ச 39 பேர்?"

மச்சினன் கூரையைப் பார்த்தான்.

"அந்த 39 பேர்ல ஒருத்தர் பேரு சொல்லு."

சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு பேர் சொன்னான். ஆனால் யோசித்துத்தான் சொன்னான்.

விடவில்லை. "நடிகை ஜெனிஃபர் டில்லி! ஆஸ்கருக்கு நாமினேட் ஆனவங்க. 2005-ல இதே ரியோவுல, அறுநூறு பெண்கள் ஆடின போட்டியில முதல் பரிசு!"

"சரி. அந்தம்மா நடிப்பை விட்டாச்சா?"

"...இல்ல. சக்கி பொம்மைப் பேய் சீரியல்ல 2024 வரைக்கும் வந்தாங்க."

"பேய்க்கே கால்ஷீட் கொடுத்துட்டுத்தான் சீட்டாட வந்திருக்காங்க. நீ மட்டும் வேலையை விடணுமா?"

அவன் மொபைலில் கணக்கு வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். ஜனவரி முதல் பதினாலு வரிகள். எல்லாமே வரவு. செலவுப் பக்கம் காலி.

"தோத்த நாளெல்லாம் எங்கேப்பா?"

"அதெல்லாம் பேட் லக் மாமா. என் ஆட்டம் கரெக்ட்டாதான் இருந்தது. அதைக் கணக்குல சேர்த்தா படம் தப்பாத் தெரியும்."

ஜெயித்தால் திறமை, தோற்றால் துரதிர்ஷ்டம். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை நான் பரீட்சையில் எழுதியிருந்தால் அரியர்ஸ் இரண்டோடு நின்றிருக்காது.

அன்று சாயங்காலம் ஸ்ட்ரிப்பில் ஒரு காஸினோவின் போக்கர் அறை. மச்சினன் 300 டாலருக்குச் சிப்ஸ் வாங்கி உட்கார்ந்தான். நான் கம்பிக்கு வெளியே, கோயில் உண்டியலுக்குக் காவல் நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

மற்ற சூதாட்டங்களில் எதிராளி காஸினோ. போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர்தான் மோதுகிறார்கள். காஸினோ நம்ம ஊர் புரோக்கர் மாதிரி. நடுவில் குவிகிற பணத்துக்குப் 'பாட்' என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் எடுத்து டீலர் மேஜையில் உள்ள ஒரு துவாரத்தில் போட்டுவிடுகிறார். யார் ஜெயித்தாலும் துவாரம் தோற்பதில்லை.

ஆளுக்கு ரெண்டு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து. கையில் ரெண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. மணிக்கு முப்பது ஆட்டம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம்? இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் பிளஃப். நம்ம ஊர் புளுகுக்குத் தூரத்து உறவாக இருக்கும்.

அங்கே எனக்கு ஒன்று புரிந்தது. சீட்டுப் போடுவது டீலர். தலைக்கு மேலே கேமரா. ஆகவே மேஜிக்காரரின் விரல் வித்தை இங்கே செல்லாது. அவருக்கு உதவுவது வேறு. எதிரே இருப்பவன் எதைப் பார்க்கிறான், எதை நம்புகிறான், எப்போது நம்ப ஆரம்பிக்கிறான் என்று வருஷக்கணக்காக ஜனங்களின் முகத்தைப் படித்த படிப்பு. மச்சினன் வருஷக்கணக்காகப் பார்த்தது கம்ப்யூட்டரின் முகத்தை.

மேஜையில் ஒரு பாட்டி. கம்பளித் தொப்பி, மூக்குக் கண்ணாடி. தன் சீட்டைப் பார்த்ததைவிட மச்சினனைத்தான் அதிகம் பார்த்தார். ஒரு ஆட்டத்தில் மச்சினனுக்கு ரெண்டு ஜோடி விழுந்தது. (எனக்கே தெரிந்தது. காது சிவந்துவிட்டது அவனுக்கு.) ஏற்றிக்கொண்டே போனான். பாட்டி ஒரு நிமிஷம் யோசித்து, இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் முன்னே தள்ளினார். மச்சினன் வியர்த்தான், முனகினான், சீட்டைப் போட்டுவிட்டு விலகினான். 140 டாலர் போயிற்று.

பாட்டி புன்னகையோடு தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் ரெண்டும். ஒன்றுமே இல்லை!

மேஜையே சிரித்தது. மச்சினன் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. ஆத்திரத்தில் ஆடினான். இருபது நிமிஷத்தில் மிச்சமும் காலி. கை பர்ஸுக்குப் போனது. "பசிக்குதுடா" என்றேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே பிளஃப் அதுதான். நல்ல வேளை, நம்பினான்.

பெலாஜியோ ஹோட்டல் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். பாட்டுக்கேற்ப நீரூற்றுகள் ஆடின. அந்த ஊரில் இலவசமாகக் கிடைத்த அழகு அது ஒன்றுதான். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை.

"நேத்து ராத்திரி அந்த மேஜிக்காரப் பையன் உன்னை ஏமாத்தினான். என்ன பண்ணே?"

"கைதட்டினேன்."

"இன்னிக்குப் பாட்டியும் அதே வித்தையைத்தான் பண்ணினாங்க. இல்லாததை இருக்கிற மாதிரி காட்டினாங்க. ஏன் கைதட்டலே?"

மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"டபுள் என்ட்ரிடா. ஒருத்தன் பக்கம் வரவுன்னா இன்னொருத்தன் பக்கம் செலவு. மேடையில அஞ்சு டாலர் போட்டவனும் சந்தோஷமா வீட்டுக்குப் போறான், வாங்கினவனும் போறான். அந்த மேஜையில ஒருத்தன்தான் சந்தோஷமா எழுந்திருக்க முடியும். நீ ஜெயிச்சாலும் உனக்கு எதிர்ல ஒரு மச்சினன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

இவ்வளவு நீளமாக நான் வீட்டில் பேசியதே இல்லை. நீரூற்றுச் சத்தத்தில் தைரியம் வந்துவிட்டது.

அவன் பதில் சொல்லவில்லை. மொபைலை எடுத்தான். செலவுப் பக்கத்தில் முதல் தடவையாக 300 என்று எழுதினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"மாமா... பழசையும் எழுதணுமா?"

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது நான் காரோட்டவில்லை. (அந்த ஊர் லைசென்ஸ் இல்லை.) அவன் ஓட்டிக்கொண்டே ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். மார்ச்சில் ஒன்று. ஏப்ரலில் நாலு. சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது. பேக்கர் தெர்மாமீட்டர் தெரிகிற வரைக்கும் பட்டியல் முடியவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு, "கூட்டுங்க மாமா" என்றான்.

கூட்டினேன். காட்டினேன். வெயிலில் இறங்கி நின்று கொஞ்ச நேரம் அந்தத் தெர்மாமீட்டரையே அண்ணாந்து பார்த்தான். பிறகு வந்து வண்டியைக் கிளப்பி, "நாளைக்கு ஆபீஸ்ல ஒன்பது மணிக்கு மீட்டிங் இருக்கு" என்றான்.

கூட்டுத்தொகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். மன்னிக்கணும். இந்தப் பத்திரிகையை அவன் அக்காவும் படிக்கிறாள்.