பற்றரியை அண்டி வளரும் பகை

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதன் மேனியை மினுக்குவதிற் காட்டும் அக்கறையிற் சிறு பங்கினையேனும் அதன் பற்றரியிடத்துக் காட்டுவாரல்லர். மூடியைத் திறந்து நோக்கின், முனைகளில் வெண்மையாகவும் நீலப்பச்சையாகவும் மாப் பூத்திருக்கும். பற்றரியைத் தாங்கும் இரும்புத் தட்டோ துருவேறி உதிர்ந்துகொண்டிருக்கும். இவ்வழிவு எங்ஙனம் நேர்கின்றது?

1859ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயப் பற்றரியின் வழிவந்ததே இன்றும் நம் வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் உளது. ஈயத் தகடுகளும் ஐதான சல்பூரிக்கமிலமும் அதன் உறுப்புக்கள். மின்னேறும்போது நீரின் ஒரு பகுதி பிரிந்து, ஐதரசனும் ஒட்சிசனும் குமிழிகளாய் எழுந்து வெளியேறுங்கால், அமிலத்தின் நுண்துளிகளையும் உடன்கொண்டு செல்கின்றன. அத்துளிகள் ஈயத்திற் படியின் வெண்ணிற ஈயச் சல்பேற்றும், செம்பிற் படியின் நீலநிறச் செப்புச் சல்பேற்றும் தோன்றும். இரும்பையோ அவை அரித்தே விடும்.

இதனை அற்பமென்று எண்ணற்க. முனையிற் படிந்த மாசு 0.02 ஓம் தடையே தருவதாகக் கொள்வோம். இயந்திரத்தைக் கிளப்ப 150 அம்பியர் மின் பாயுமாயின், அவ்விடத்திலேயே 3 வோல்ற்று வீணாகும். சில ஆண்டுகளுக்கு முன், மகப்பேற்று நோவுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிச் செல்ல நள்ளிரவில் எம் அயலவர் தம் வானைக் கிளப்ப முயன்றார், அது அசையவில்லை. வேறு வண்டி தேடுவதில் அரைமணி நேரம் கழிந்தது. நல்வினைப் பயனாய்த் தாயும் சேயும் பிழைத்தனர். மறுநாள் முனைகளைத் துடைத்துப் பூட்டியதும் அதே பற்றரி வானை உடனே கிளப்பிற்று!

துப்புரவு செய்யும் முறை எளிது. இயந்திரத்தை நிறுத்தி, வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றுக. இக்கால வண்டிகளில் அது மறைமுனையாகும்; பழைய மொறிஸ் மைனர் போன்றவற்றில் நேர்முனையாகும். மீளப் பூட்டும்போது அதனையே இறுதியிற் பூட்டுதல் வேண்டும். முறை பிறழின் சாவி உடலிற் பட்டுத் தீப்பொறி எழக்கூடும். காற்றில் 4 வீதம் கலந்த ஐதரசனே தீப்பற்றவல்லது; ஆதலின் சுருட்டும் விளக்கும் அருகே ஆகா. கண்களுக்கும் கைகளுக்கும் காப்பணிக.

ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துப் பூசின், காபனீரொட்சைட்டு நுரைத்தெழ, அமிலம் நடுநிலையாகும். அக்கரைசல் கலங்களுள் புகாதவாறு மூடிகளை இறுக்கிக்கொள்க. பின்னர் நீரூற்றிக் கழுவி, உலர்த்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கவ்விகளை இறுகப் பூட்டியபின் மேலே வாசலீன் தடவுக. தட்டின் துருவைச் சுரண்டி அமிலந்தாங்கும் வர்ணம் பூசுதலும் நன்று.

துடைத்த மாசு விரைவில் மீளுமாயின் காரணத்தைத் தேடுதல் வேண்டும். வடிநீரை மட்டுமீறி ஊற்றியிருக்கலாம், பெட்டி வெடித்திருக்கலாம், அன்றி, 12 வோல்ற்றுப் பற்றரிக்கு 14.5 வோல்ற்றுக்கு மேல் மின்னேறிக்கொண்டிருக்கலாம். காரணத்தை நீக்காது மாசை மட்டும் துடைத்தல் வீண் உழைப்பேயாம்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீளத் திறக்கப்படும்வரை, உள்ள வண்டிகளைப் பேணியே நம் நாட்டவர் காலங்கழித்தனர். அப்பழக்கத்தை இன்றும் கைவிடாதிருத்தல் நலம். மாதமொருமுறை மூடியைத் திறந்து பார்க்குமாறு மாணவர்கள் தம் இல்லத்துப் பெரியோர்க்கு நினைவூட்டுவார்களாக.