நீலச் சாயம் புகட்டும் பாடம்

சாங்கி வட்டாரத்தில் வண்ணமீன் வளர்ப்போர் இல்லங்களில் நீல மருந்துப் புட்டியொன்றைக் காணலாம். மீனுடலில் பூஞ்சை படர்ந்தால் அதில் சில துளிகளை நீரில் விடுவர். மெத்திலின் நீலம் என்னும் அச்சாயம் எனக்குப் பழைய நண்பன். ஆசிரியப் பயிற்சி நாளில் கன்னத்தின் உட்புற அணுக்களை அதில் தோய்த்தே நுண்ணோக்கியில் கண்டேன்.

1876இல் செருமானிய வேதியியலாளர் ஐன்றிக் காரோ உருவாக்கிய துணிச்சாயம் அது. 1891இல் குட்மன், எர்லிக் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் மலேரியா நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பயன் கண்டனர். குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறன் குன்றும் ஒருவகை நோய்க்கு அதுவே இன்றும் ஊசிவழி ஏற்றப்படுகிறது.

மருந்தான சாயம் சிலருக்கு நஞ்சாவது எவ்வாறு? நம் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. இடையிலுள்ள நுண்ணிய வெளியைச் செரோட்டோனின் போன்ற தூதுப்பொருள்கள் கடந்து செய்தி சேர்க்கின்றன. பணி முடிந்ததும் அவற்றை நரம்பணு மீள உறிஞ்சிக்கொள்ளும்; மோனோ அமீன் ஆக்சிடேசு என்னும் நொதி சிதைத்துவிடும். மூன்று வளையங்கள் கொண்ட தட்டையான இச்சாய மூலக்கூறு, அந்நொதியின் செயற்குழிக்குள் புகுந்து அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவோ, மீள உறிஞ்சும் வழியைத் தடுப்பவை. இரண்டும் ஓருடலில் சேர்ந்தால் செரோட்டோனின் பெருகிக் காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம் தோன்றும். உயிருக்கே இடர் நேரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் இதுபற்றி எச்சரித்தது. முன்னரே திட்டமிட்ட சிகிச்சையாயின் இத்தகைய மாத்திரைகளிற் பெரும்பாலானவற்றை 2 வாரம் முன்னரும், உடலில் நெடிது தங்கும் புளூவோக்செட்டினை 5 வாரம் முன்னரும் நிறுத்துமாறு அது மருத்துவர்க்கு அறிவுறுத்தியது.

அறுவை மருத்துவத்திற்குச் செல்லவிருந்த நண்பர் ஒருவர் நீரிழிவு மாத்திரையின் பெயரைத் தயங்காது சொன்னார். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் மறைக்க எண்ணினார். "பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே ஐயா!" என்றார். அவர் துணைவியார்தாம் தாதியிடம் உண்மையை உரைத்தார். நம் சமுதாயத்தில் இத்தயக்கம் அவர் ஒருவருக்கே உரியதன்று.

மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் தவறு, மறைப்பதும் தவறு. நொதிக்கு நம் நாணம் தெரியாது. மருத்துவர் கேட்கும்போது உண்ணும் மருந்தனைத்தையும் ஒளிக்காமல் சொல்வோம். அங்ஙனம் சொல்பவரை இழித்துப் பேசாதிருக்க நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.