யாரிடம் கேட்ட பதில்?

மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குள் இறங்கினால், கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில் பெண்களோடு வேலைசெய்யும் சிறு அமைப்பொன்றின் அலுவலகம் இருக்கிறது. மின்னஞ்சல் சேர்வரை அவர்கள் சொந்தமாகவே நடத்துகிறார்கள். கதவு கழற்றிய அலுமாரிக்குள் ஒரு பழைய கணினி, கீழ்த்தட்டில் பற்றரி, மேலே ஒரு சின்ன மின்விசிறி. இலவச மின்னஞ்சல் எங்கும் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்டேன். பொறுப்பாக இருக்கும் அம்மா நிதானமாகச் சொன்னார்: "காணாமல் ஆக்கப்பட்டவங்கட தாய்மார் எழுதின கடிதமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அது எங்கட கையில இருக்கணும்."

நான் பார்க்கப் போனது அந்தக் கணினியை உயிரோடு வைத்திருக்கும் இருவரை. ஒருவர் ஒருகாலத்தில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். மற்றவர் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த இளம்பெண். அவள் அவரை மாமா என்கிறாள், அவர் அவளை மகள் என்கிறார். உறவுமுறை எதுவும் இல்லை. வாவியின் இரு கரையிலும் உள்ள சில அலுவலகங்களுக்கு இவர்கள்தான் வைத்தியர்கள்.

அன்று வந்திருந்த நோய்க்குக் காரணம், முதல்நாள் அலுவலகத்தின் இணைய இணைப்பைக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றியதுதான். புது இணைப்போடு புது ரவுட்டரும் புது ஐபி இலக்கமும் வந்தன. இலக்கம் மாறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெயருக்கு இலக்கம் சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 86,400 விநாடியிலிருந்து 300 ஆகக் குறைத்திருப்பார்கள். ஒரு நாள் முழுக்க உலகம் பழைய இலக்கத்தை நம்பிக்கொண்டிருக்கும் நிலை வந்திருக்காது. விஷயம் தெரிந்ததும் அவள் வீட்டிலிருந்தே டொமைன் பதிவகத்தில் புது இலக்கத்தைக் கொடுத்துவிட்டாள். மிச்சத்தைச் சரிசெய்ய நேரில்தான் வரவேண்டியிருந்தது.

"அக்கா, இஞ்ச பாருங்க" என்று, டிஎன்எஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையை ஓடவிட்டாள். இந்த டொமைனுக்குப் பொறுப்பான நேம்சேர்வரிடம் நேராகக் கேட்டால் புது இலக்கம் வருகிறது. அதே கேள்வியைப் பிறருக்காகப் பெயர் தேடிக் கொடுக்கும் பொது ரிசோல்வர் ஒன்றிடம் கேட்டால் பழையது. திரும்பக் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் ஓர் எண் குறைந்துகொண்டிருந்தது. பழைய பதிலுக்கு மிஞ்சியிருக்கும் ஆயுள் அது. இரண்டு பதிலுமே விதிப்படி சரியானவை. "பதில் என்னண்டு பார்க்கிறதுக்கு முதல், யாரிட்டக் கேட்டதுண்டு பார்க்கணும்" என்றார் மாமா. அன்று நான் கண்டதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது.

வெளியே போக வேண்டிய மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கிக் கிடந்தன. பெறுநரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிறகு முயல்கிறேன் என்று ஒவ்வொன்றின் கீழும் மின்னஞ்சல் சேர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் எழுதி வைத்திருந்தது. ஆனால் அதே கணினியில் அவள் அதே பெயரைக் கேட்டால் உடனே பதில் வருகிறது. புதிதாகப் பழகுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. அந்தக் கணினியின் இயங்குதளமான டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பெரும்பகுதி பாதுகாப்புக்காகத் தனி அடைப்புக்குள் ஓடியது. யாரிடம் பெயர் கேட்பது என்று எழுதியிருக்கும் ரிசோல்வ்.கொன்ஃப் கோப்பின் பிரதி ஒன்று அந்த அடைப்புக்குள் இருந்தது. முதல்நாள் ரவுட்டர் பூட்ட வந்தவர் வெளியே இருந்த கோப்பை மாற்றிவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருந்த பிரதி, கழற்றி எடுத்துப் போய்விட்ட பழைய ரவுட்டரையே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மனிதர் கேட்டது ஓரிடம், சேர்வர் கேட்டது வேறிடம்.

போஸ்ட்ஃபிக்ஸை மீள இயக்கினாள். பிரதி புதுப்பிக்கப்பட்டது, வரிசை கரையத் தொடங்கியது. எனக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றியது. அவள் எழும்பவில்லை. லொக் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வரும் மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதில்தான் இரண்டாவது கோளாறு தெரிந்தது. வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றும் 554 என்ற இலக்கத்தோடு திருப்பி அனுப்பப்பட்டது. ரவுட்டர் பூட்டியவர் கோப்பில் எழுதியிருந்தது கூகுளின் பொது ரிசோல்வரான 8.8.8.8. குப்பை மின்னஞ்சல் அனுப்புவோரின் பட்டியலை வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ், பொது ரிசோல்வர் வழியாக வரும் கேள்விக்குப் பட்டியலைக் காட்டுவதில்லை. 127.255.255.254 என்ற பிழைக்குறியை மட்டும் தரும். எந்தப் பதிலை ஏற்பது என்று அமைப்பில் வரையறுக்காவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பிழைக்குறியையே 'இவர் பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறது. அப்புறம் உலகத்தில் உள்ள எல்லோரும் குற்றவாளிகள். பெயர் கிடைக்காமல் தேங்கும் மின்னஞ்சல் வழக்கமாக ஐந்து நாள் வரை காத்திருக்கும். அதற்குள் சரிசெய்தால் போய்ச் சேர்ந்துவிடும். 554 என்று திருப்பியது திரும்பியதுதான், எழுதியவர் மறுபடி அனுப்பினாலொழிய வராது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வேறுபாட்டை நான் அங்கேதான் பார்த்தேன். ஒரு திருத்தம் பலித்தபின் எழும்பிப் போகாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு தேர்ச்சி.

அன்பவுண்ட் என்ற ரிசோல்வரை அந்தக் கணினியிலேயே நிறுவினாள். இனி அது எவரிடமும் இரவல் கேட்காது. மூல சேர்வரில் தொடங்கி டொட் எல்கே, அதற்குக் கீழே உள்ள பெயர் என்று படிப்படியாகத் தானே இறங்கிக் கேட்கும். பிழைக்குறிகளைப் பொருட்படுத்தாதபடி போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பிலும் ஒரு வரியைத் திருத்தினாள்.

பெயர்களின் இந்தப் படிவரிசையை 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். அதற்கு முன் வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பேணிய ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். இன்று எவரிடமும் முழுப்பட்டியல் இல்லை. அவரவர் பங்குக்கு அவரவர் பதில் சொல்கிறார்கள். டொட் எல்கேயின் பங்கு 1990இல் இலங்கைக்கு வந்தது. 2010இல் 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே ஒரு மேல்நிலைப் பெயர் கிடைத்தது. பங்கு பிரிந்திருப்பதால் வரும் ஆபத்தையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலை, கூகுள் டொட் எல்கே உட்படச் சில முகவரிகளைத் திறந்தவர்கள், தோட்டத் தொழிலாளர் பிரச்சினை முதலியவற்றைப் பேசும் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தளங்களை எவரும் தொடவில்லை. பெயர் சொல்லும் இடத்தில் பதில் மாறியிருந்தது.

பின்னேரம் மூன்றாவது கோளாறு. ஜிமெயில் முகவரிகளுக்குப் போனவை மட்டும் மறுக்கப்பட்டன. பெயரைக் கேட்டால் இலக்கம் வருவதுபோல, இலக்கத்தைக் கேட்டால் பெயர் வரவேண்டும். அந்தத் தலைகீழ்ப் பதிவு புது இலக்கத்துக்கு இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் இந்தப் பதிவைச் சிறியவர் பெரியவர் பாராமல் கேட்கிறது. இதை இவர்களால் எழுத முடியாது. இலக்கம் இணைப்பு தரும் நிறுவனத்துடையது, தலைகீழ்ப் பதிவும் அவர்கள் கையில்தான்.

"வீட்டுக்குப் பேர் நாங்க வைக்கலாம் தங்கச்சி" என்றார் மாமா என்னிடம். "காணி உறுதி அவங்கட பேரிலதானே இருக்கு."

இங்கே கணினி உதவாது, தொலைபேசிதான். வாடிக்கையாளர் பிரிவில் எடுத்தவருக்குத் தலைகீழ்ப் பதிவு என்றால் என்னவென்று விளங்கவில்லை, இணைப்பு வேலை செய்கிறதுதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாமா சிங்களத்துக்கு மாறினார். கம்பி இழுத்த காலத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் வலையமைப்புப் பிரிவில் உள்ள இன்னொருவரைப் பிடித்து, கேட்க வேண்டியதை ஒரு வரியாக எழுதி அனுப்பினார். மறுநாள் பதிவு ஏறியது. இவ்வளவு சிறிய ஒரு காரியத்துக்குத் தெரிந்த முகம் தேவைப்படுவது எனக்குக் கோபத்தைத் தந்தது. தெரிந்த முகம் இல்லாத ஊர் அமைப்பு என்ன செய்யும்? களைத்துப்போய்க் கடிதங்களையெல்லாம் தூரத்துப் பெரிய நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடும். தொழில்நுட்பம் தெரியாமல் அல்ல, பதில் சொல்ல ஆளில்லாமல்தான் பலர் சொந்த சேர்வரைக் கைவிடுகிறார்கள் என்பதே நான் கண்டது.

கடைசியாக, அவள் வெகுநாளாகச் சொல்லிவந்த ஒரு குறையைத் தீர்க்க உட்கார்ந்தார்கள். பதிவகம் இரண்டு நேம்சேர்வர் கேட்கும். இங்கே இரண்டு பெயர் கொடுத்து இரண்டையும் இந்த ஒரே கணினிக்குத் திருப்பியிருந்தார்கள். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது பற்றரி தாங்கவில்லை. கணினியோடு சேர்ந்து டொமைனும் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. இரண்டாவது நேம்சேர்வர் வேறு இடத்தில், வேறு வலையமைப்பில் இருக்கவேண்டும் என்று 1997லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கொழும்பில் வைக்கலாம் என்றாள் அவள். கொழும்பு இருண்டால் எல்லாம் இருளும், யாழ்ப்பாணத்திலும் நாட்டுக்கு வெளியிலும் ஒவ்வொன்று வைப்போம் என்றார் அவர். அவர் சொன்னதே முடிவாயிற்று. புதுப் பெயர்களையும் இலக்கங்களையும் அவள் பதிவகத்துக்கு அனுப்பினாள். பிறகு டிக் கட்டளையை மறுபடி ஓடவிட்டாள். முதலில் டொட் எல்கே சேர்வரிடம், அடுத்து யாழ்ப்பாணத்திடம், அதற்கடுத்து வெளிநாட்டில் உள்ளதிடம். வெளிநாட்டுச் சேர்வரில் இருந்த பிரதியின் தொடரிலக்கம் ஒன்று பின்தங்கியிருந்தது. "இது இன்னும் பழசைத்தான் சொல்லுது மாமா" என்று மறுபடி உட்கார்ந்தாள்.