பதில் சொல்லாத கணினி

இறுதியாண்டு ஆய்வை ஒப்படைக்க ஒரு நாளே இருந்தது. தரவு முழுவதும் எங்கோ ஒரு மேகக் கணிமை நிலையத்தின் மெய்நிகர் கணினியில். விடுதியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய முயன்றால் திரை அசையவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்றது.

அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கச் சொன்னார் அறைத்தோழர். நான்கு மாத உழைப்பை அழிப்பதா?

அந்த ஆங்கிலச் செய்தியே பாதி விடை, நண்பர்களே! 'ரெஃப்யூஸ்ட்' என வந்தால், பெரும்பாலும் நம் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, 22ஆம் வாயிலில் கேட்கத்தான் நிரல் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றால் வாயில்வரை போய்விட்டோம். திறவுகோலோ பயனர் பெயரோ பொருந்தவில்லை. 'டைம்ட் அவுட்' என்றாலோ பதிலே இல்லை. கணினி நின்றிருக்கலாம், அல்லது தீச்சுவர் நம் அழைப்பை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம்.

உலாவியில் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீச்சுவர் விதி ஒரே ஓர் ஐ.பி. முகவரியை அனுமதித்தது, விடுதி இணையத்தின் முகவரியோ அந்த வாரம் மாறியிருந்தது. எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னார் தோழர் (இவர் யோசனைகளே இப்படித்தான்!). கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் நிரல்கள் அந்த வாயிலை இரவுபகலாகத் தட்டுகின்றன. புதிய முகவரியை மட்டும் சேர்த்தேன்.

உடனே உள்ளே! முதலில் தரவைப் பிரதியெடுத்தேன். தோழர் கிண்டிவைத்த மேகி மீ அதற்குள் ஆறிப்போயிருந்தது.